பொது வேலையாள் என்று எழுதிய கிராணிக்கு

பொய் எழுதியது நீங்கள்தான், கிராணி ஐயா. மேனேஜர் கையெழுத்து மட்டும்தான் போட்டார். டைப் அடித்தது தோட்டத்து ஆப்பீசில் கணக்கு எழுதிய நீங்கள்.

லாபு பக்கம் இருந்த நம் ரப்பர் தோட்டத்தை வீடு கட்ட விற்றபோது, வேலை செய்த ஒவ்வொருவருக்கும் ஒரு கடிதம் கொடுத்தீர்கள். இன்னார் இத்தனை வருடம் எங்களிடம் வேலை பார்த்தார் என்கிற கடிதம். வேறு இடத்தில் வேலை கேட்டுப் போனால் காட்டுவதற்கு அது ஒன்றுதான் எங்கள் கையில் இருந்தது. என் கடிதத்தில் பதினொரு வருடம் என்று சரியாகவே போட்டிருந்தீர்கள். என்ன வேலை என்ற இடத்தில் மலாயில் இரண்டு சொல் இருந்தது. பெக்கெர்ஜா ஆம்.

எனக்கு வாய்ப்பேச்சு மலாய் தெரியும். கடித மலாய் அப்போது தெரியாது. வீட்டில் எல்லோரும் இருக்கும்போது கடிதத்தை நீட்டி, "பெக்கெர்ஜான்னா வேலையாளு. ஆம்னா என்னாங்க?" என்று என் வீட்டுக்காரரிடம் கேட்டேன். அவர் லாரி ஓட்டுகிறவர். ரோட்டுப் பலகையைத் தவிர வேறு எதையும் படிக்க மாட்டார். அவர் வாயைத் திறப்பதற்குள் என் நாத்தனார் முந்திக்கொண்டாள்.

"ஆம்னா ஆம்தான் அண்ணி. வேல வாங்குற மண்டோரு என்னா சொன்னாலும் ஆம் ஆம்னு மண்டைய ஆட்டுனீங்கல்ல? அதான் கிராணி பாத்து எழுதிட்டாரு."

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். மறுநாள் பக்கத்து வீட்டுப் பிள்ளை பள்ளி அகராதியைப் பார்த்துச் சொன்னது. ஆம் என்றால் பொது. நான் பொது வேலையாள். புல் வெட்டச் சொன்னால் புல் வெட்டுவேன், உரமூட்டை தூக்கச் சொன்னால் தூக்குவேன், அவ்வளவுதான் எனக்குத் தெரியும் என்று அர்த்தம்.

முதல் நான்கு வருடம் அது உண்மை. அடுத்த ஏழு வருடம் நான் நர்சரியில் கண் ஒட்டினேன். இந்தக் கடிதத்தைப் படிக்கிற மற்றவர்களுக்கும் அது என்ன வேலை என்று சொல்லிவிடுகிறேன். விதையில் முளைத்த ரப்பர் கன்றை அப்படியே வளர்த்தால் பால் எப்படி வரும் என்று சொல்ல முடியாது. அதனால் நன்றாகப் பால் தருகிற மரத்தின் கிளையிலிருந்து ஒரு மொட்டைப் பட்டையோடு சீவி எடுக்க வேண்டும். அதைத்தான் கண் என்போம். கன்றின் பட்டையைக் கத்தியால் கதவு மாதிரித் திறந்து, கண்ணை உள்ளே செருகி, பிளாஸ்டிக் நாடாவால் கட்ட வேண்டும். கீழிருந்து மேலே சுற்ற வேண்டும். கூரை ஓடு மாதிரி ஒன்றின்மேல் ஒன்று படிந்தால்தான் மழைத்தண்ணீர் உள்ளே இறங்காது. கண்ணின் உள்பக்கத்தில் விரல் படக்கூடாது. வியர்வை பட்டால் செத்துப்போகும். மூன்று வாரம் கழித்துப் பிரித்து நகத்தால் லேசாகக் கீறிப் பார்த்தால் பச்சை தெரியும். பச்சை என்றால் பிடித்துவிட்டது. பழுப்பு என்றால் போச்சு.

நூறு கட்டினால் எனக்குத் தொண்ணூறுக்கு மேல் பச்சை. நர்சரியில் நாங்கள் ஒன்பது பெண்கள். யார் எத்தனை கட்டினாள், எத்தனை பிடித்தது என்று ஒவ்வொரு நாளும் பெரிய புத்தகத்தில் எழுதியது யார்? நீங்கள். அதனால்தான் உங்களைப் பொய் எழுதியவர் என்கிறேன். தெரியாமல் எழுதியிருந்தால் அதற்குப் பெயர் வேறு.

கடிதத்தை எடுத்துக்கொண்டு ஆப்பீசுக்கு வந்தேன். நாற்காலிகளைக்கூட லாரியில் ஏற்றிவிட்டார்கள். நீங்கள் நின்றபடி பெட்டியில் பேப்பர் அடுக்கிக்கொண்டிருந்தீர்கள்.

"ஐயா, நான் கண்ணு ஒட்டுறவ. பொது வேலைன்னு போட்டிருக்கு."

"எல்லாருக்கும் ஒரே சூராட்தாம்மா, ஒரே லெட்டரு. பேரும் ஐசி கார்டு நம்பரும்தான் மாறும்."

"நர்சரின்னு ஒரு வார்த்த போட்டுக் குடுங்கய்யா."

"போட்டு? நீ என்னா பேங்குல மேனேஜராவா போகப்போற? எங்க போனாலும் கூட்டிப் பெருக்கத்தான் சொல்லுவான். போ லா, வேல கெடக்கு."

நான் போய்விட்டேன். அதுதான் நான் செய்த தப்பு. அந்த ஆப்பீஸ் வாசலில் உட்கார்ந்திருக்க வேண்டும். பக்கத்தில் இன்னும் எட்டுப் பேரை உட்கார வைத்திருக்க வேண்டும். அன்றைக்கு எனக்கு முப்பத்து மூன்று வயது. ஒரு சொல்லுக்கு விலை உண்டு என்று தெரியாத வயது.

விலை நீலாயில் தெரிந்தது. நாங்கள் மம்பாவில் ஒரு மலிவு விலை அடுக்குமாடி வீட்டுக்குக் குடிபோனோம். நீலாயில் கையுறை செய்கிற பேக்டரி ஒன்றில் ஆள் எடுத்தார்கள். விண்ணப்பம் வாங்கின பெண் நம் தமிழ்ப் பெண்தான். கடிதத்தைப் பார்த்தாள். "அக்கா, முன்ன என்னா வேல?" என்றாள். கண் ஒட்டினேன் என்றேன். அவள் என் முகத்தைப் பார்த்தாள். "அப்படின்னா?" கத்தி, பட்டை, நாடா என்று கையை ஆட்டி விளக்கினேன். பாவம், பொறுமையாகத்தான் கேட்டாள். "இதுல பொது வேலைன்னுதான் இருக்கு, அக்கா. அப்ப அடித்தட்டு சம்பளம்தான் போட முடியும்." என்னோடு வந்த இன்னொருத்தி வேறு தோட்டம். அவள் கடிதத்தில் மேற்பார்வை என்று இருந்தது. அவளுக்கு ஒரு படி மேலே. அவள் வேலையை நான் குறை சொல்லவில்லை. அவளுடைய கிராணி ஒழுங்காக எழுதினார்.

பேக்டரியில் முதலில் அட்டைப்பெட்டி மடித்தேன். ஆறாவது மாதம் ஓட்டைக் கையுறையைப் பொறுக்கும் வரிசைக்கு மாற்றினார்கள். இயந்திரம் விட்டதை நான் பிடித்தேன். ஏழு வருடம் ஒரு மொட்டு உயிரோடு இருக்கிறதா என்று பார்த்த கண்ணுக்கு ரப்பர் கையுறையில் ஊசித்துளை பெரிய விஷயமா? அங்கேதான் எனக்கு ஒன்று புரிந்தது. வேலை மாறினாலும் கற்றுக்கொண்டது கூடவே வருகிறது. கடிதத்தில் இல்லாவிட்டாலும் கையில் இருக்கிறது. இது எனக்குத் தைரியம் கொடுத்தது. கோபத்தையும் கொடுத்தது.

மூன்றாவது வருடம் ஆர்டர் குறைந்தது. முதலில் ஓவர்டைம் போனது, பிறகு நாங்களும் போனோம். இரண்டு மாதம் சும்மா இருந்தேன். வீட்டுக்காரரின் லாரிச் சம்பளத்தில் வாடகை, சோறு, பிள்ளைகளின் பள்ளி பஸ். அந்த இரண்டு மாதத்தில்தான் ஒரு முடிவுக்கு வந்தேன். நர்சரியில் மழை நாளில் கண் ஒட்ட முடியாது. வருடக் கடைசியில் வாரக்கணக்கில் கத்தியை எடுக்கவே மாட்டோம். அப்போதெல்லாம் வெயில் மாதத்தில் சேர்த்து வைத்ததைத்தான் தின்போம். பேக்டரிக்குப் போனதும் மாதச் சம்பளம் என்ற மயக்கத்தில் அந்தப் பழக்கத்தை விட்டுவிட்டேன். பேக்டரியிலும் மழை பெய்யும் என்று எனக்குத் தோன்றவில்லை.

அதற்குப் பிறகு எந்த வேலைக்குப் போனாலும் ஓவர்டைம் இல்லாத மாதத்துச் சம்பளத்தைத்தான் சம்பளம் என்று வைத்துக்கொண்டேன். மேலே வருகிற எல்லாமே மழைக்காசு. அதற்கென்று வங்கியில் தனிப் புத்தகம். வீட்டுக்காரர் மோட்டார் சைக்கிளுக்கு டயர் மாற்றக் கேட்டாலும் தர மாட்டேன். "இவளுக்கு வெளிய மழ பேஞ்சாத்தான் உள்ள ஈரம் வரும்" என்று கூட்டாளிகளிடம் சொல்வார். சொல்லட்டும். இன்னொரு விதியும் வைத்தேன். அடுத்த வேலையில் முதல் நாள் எது என்று தெரியாமல், கையில் இருக்கிற வேலையை விடக்கூடாது. இரண்டும் யாரும் சொல்லித் தந்ததல்ல. பட்டுத் தெரிந்துகொண்டது.

அடுத்தது பள்ளிக்கூடக் கேன்டீன். பள்ளி விடுமுறையில் சம்பளம் கிடையாது. மழைக்காசு தாங்கியது. அதற்கடுத்து சிரம்பானில் ஒரு சூப்பர்மார்க்கெட்டில் காய்கறி பேக் செய்தேன். இரண்டிலும் வேலையை ஒழுங்காகச் செய்தேன். ஆனால் மாலையில் வீட்டுக்கு வந்து இன்றைக்கு நான் இதைச் செய்தேன் என்று சொல்ல ஒன்றும் இருக்காது. சம்பளம் வந்தது. மனசு வெறுமனே இருந்தது. அதையும் சேர்த்துத்தான் வேலை என்று நினைக்கிறேன். உங்களுக்கு அது புரியுமோ என்னவோ.

ஒரு சனிக்கிழமை வீட்டுக்காரர் கோலா பிலாவுக்கு உரம் ஏற்றிக்கொண்டு போனார். எனக்கு லீவு. கூடப் போனேன். உரம் இறக்கிய இடம் பழக்கன்று விற்கிற நர்சரி. கறுப்பு வலைப்பந்தலின் கீழே டுரியான் கன்றுகள் வரிசையாக நின்றன. ஒரு பையன் கண் ஒட்டிக்கொண்டிருந்தான். நாடாவை மேலிருந்து கீழே சுற்றினான். நான் பார்த்துக்கொண்டே நின்றேன். வாயை மூடிக்கொண்டு இருக்கத்தான் நினைத்தேன். முடியவில்லை.

"தண்ணீர் உள்ளே போகும். கீழிருந்து கட்டு," என்று மலாயில் சொன்னேன்.

பின்னாலிருந்து ஒரு குரல், "யார் அது என் ஆளுக்கு வேலை சொல்வது?" என்று கேட்டது. நர்சரிக்காரம்மா. மலாய்க்காரர். பெண் வழியில் நிலம் இறங்குகிற ஊர் அது. அம்மாவிடமிருந்து வந்த நிலத்தில் நர்சரி போட்டவர். இன்றுவரை அவரை நான் காக், அதாவது அக்கா, என்றுதான் கூப்பிடுகிறேன். அவர் கோபித்துக்கொள்ளவில்லை. கத்தியை எடுத்து என் கையில் கொடுத்தார். "அப்படியானால் கட்டிக் காட்டு."

சூப்பர்மார்க்கெட்டை நான் உடனே விடவில்லை. என் விதி இருக்கிறதே. வார லீவு நாளில் மட்டும் கோலா பிலாவுக்கு பஸ் ஏறினேன். பிடித்த கண்ணுக்கு மட்டும் காசு என்று பேச்சு. முதல் தடவை அறுபது கட்டினேன். இருபத்தோராம் நாள் போய்ப் பிரித்தேன். பச்சைதான். நிமிர்ந்து நின்றேன். அடுத்த வாரம் போனால் பாதிக்கு மேல் கருகிக் கிடந்தது. ரப்பர் மூன்று வாரத்தில் தயாராகும். டுரியானுக்கு இன்னும் நாள் வேண்டும். ரப்பர் தெரியும் என்ற திமிரில் நான் யாரையும் கேட்கவில்லை.

காக் கருகிய கன்றைத் தூக்கிப் பார்த்தார். "நீ ரப்பர்காரி. இது டுரியான். இதற்கு ரோஷம் அதிகம்" என்று சிரித்தார். பிடித்த இருபத்தேழுக்கும் காசை எண்ணிக் கொடுத்தார். அடுத்த தடவை நாடாவைப் பிரிக்க ஐந்து வாரம் காத்திருந்தேன். அதற்கடுத்த தடவை எந்த மழைக்குப் பிறகு பட்டை லேசாகக் கழன்று வருகிறது என்று பார்த்துக் கட்டினேன். ஒரு வருடம் அப்படி வந்து போனேன். ஐம்பது கட்டினால் நாற்பத்தைந்து பச்சை என்று ஆனபோது சூப்பர்மார்க்கெட்டுக்கு ஒரு மாத நோட்டீஸ் கொடுத்தேன். பேக்கிங் மேசையில் கூட வேலை செய்தவர்கள் ஒரு கேக் வாங்கி வெட்டினார்கள். வேலையை விட்டுப் போகிறேன் என்று அவர்களுக்கு என்மேல் என்ன கோபம்? ஒன்றும் இல்லை.

போன வருடம் காக் ஒரு பெரிய ஆர்டருக்குப் போனார். கன்றுகளை மொத்தமாகச் சிறு தோட்டக்காரர்களுக்குக் கொடுக்கிற ஒப்பந்தம். அதற்கு நர்சரியில் திறன் சான்றிதழ் உள்ள மேற்பார்வையாளர் ஒருவர் இருக்க வேண்டும். "நீ அந்தச் சான்றிதழ் எடு. மாதச் சம்பளம், இபிஎஃப் சேமநிதி, சொக்சோ காப்புறுதி எல்லாம் போடுகிறேன். இல்லையென்றால் வெளியாள் ஒருவரை வைத்தாக வேண்டும், எனக்கு வேறு வழியில்லை" என்றார். நாற்பத்தெட்டு வயதில் முதல்முறையாக மேற்பார்வையாளர் என்ற சொல் என் பக்கம் திரும்பியது. வகுப்புக்குப் போகாமல், செய்த வேலையை வைத்தே சான்றிதழ் வாங்க வழி உண்டு. அதற்கு முந்தைய முதலாளியின் கடிதம் வேண்டும். என்ன வேலை, எத்தனை வருடம் என்று.

என்னிடம் இருந்த கடிதத்தில் என்ன இருந்தது என்று உங்களுக்குத்தான் தெரியுமே.

உங்கள் வீட்டுக்கு வந்தேன். ஞாபகம் இருக்கும். இப்போது நீங்கள் கோயில் செயலாளர். தோட்டத்துக் கோயிலைப் புதுக் குடியிருப்பான தாமான் மூலைக்கு மாற்றியதில் இருந்து அந்தப் பதவி உங்களுக்குத்தான். காப்பி கொடுத்தீர்கள். நல்ல மரியாதை. பிறகு சொன்னீர்கள்.

"தோட்டமே இல்ல. கம்பெனி கைமாறி எங்கயோ போச்சு. நான் எந்த லெட்டர்ஹெட்ல எழுதித் தர?"

"வெறும் பேப்பர்ல எழுதுங்கய்யா. நான் இந்தத் தோட்டத்துல கிராணியா இருந்தேன், இவங்க நர்சரில கண்ணு ஒட்டுனாங்கன்னு. அது போதும்."

"அப்ப நான் மொதல்ல எழுதுனது தப்புன்னு ஆயிடும்ல?"

"தப்புதானய்யா."

நீங்கள் காப்பித் தம்ளரைக் கீழே வைத்தீர்கள். "இத்தன வேல மாறுனியே, ஒரு எடத்துல நெலச்சு நின்னிருந்தா இந்தச் சூராட் எல்லாம் தேவப்படுமா?" என்றீர்கள்.

அதோடு விட்டிருந்தால் நான் இதை எழுதியிருக்க மாட்டேன். அடுத்த வாரம் கோயில் திருவிழாவில் மைக்கைப் பிடித்து இளைஞர்களுக்குப் புத்தி சொன்னீர்கள். நம் ஆட்கள் முன்னேறாததற்குக் காரணம் வேலையில் நிலைக்காததுதான் என்றீர்கள். "நம்ம தோட்டத்துப் பொம்பள ஒருத்தர், நாலு எடம் தாவி, இப்ப என் வாசல்ல வந்து நிக்கிறாங்க" என்றீர்கள். பெயர் சொல்லவில்லை. சொல்ல வேண்டியதும் இல்லை. அன்னதான வரிசையில் நின்ற எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். கையில் தட்டோடு நின்றேன்.

இரண்டு நாள் கழித்து, சான்றிதழ் ஆப்பீசுக்குப் போன் போட்டேன். உள்ளதைச் சொன்னேன். தோட்டம் இல்லை, கிராணி எழுத மாட்டேன் என்கிறார். அந்தப் பக்கம் இருந்தவர் சாதாரணமாகச் சொன்னார். கூட வேலை செய்த இரண்டு பேர் எழுதிக் கையெழுத்துப் போட்டாலும் எடுத்துக்கொள்வோம், படம் இருந்தால் இன்னும் நல்லது, மற்றதை நேரில் வந்து பார்ப்போம். பதினைந்து வருடமாக உங்கள் ஒரு சொல்லில்தான் எல்லாம் இருக்கிறது என்று நினைத்தேன். அந்தக் கதவில் பெரிய பூட்டு இல்லை. தள்ளிப் பார்க்காமல் விட்டிருந்தேன்.

நர்சரியில் எனக்கு அடுத்த வரிசையில் ஒட்டியவள் இப்போது சிரம்பானில் ஒரு சாப்பாட்டுக் கடையில் ரொட்டி சானாய் போடுகிறாள். கல்லின் முன்னாலிருந்தே பேசினாள். "சைன்தான? ரத்தமே வேணும்னாலும் குடுக்குறேன் லா. ஆனா ஒண்ணு, நான்தான் உன்னவிட வேகமா கட்டுனேன், அதயும் எழுதிக்க." எழுதினேன். அது உண்மை. இன்னொருத்தியிடம் ஒரு படம் இருந்தது. நாங்கள் ஒன்பது பேரும் கன்றுகளுக்கு நடுவில் நிற்கிறோம், இடுப்பில் கத்தி, கழுத்தில் நாடாச் சுருள். மூலையில், ஐயா, புத்தகத்தைக் கையில் வைத்துக்கொண்டு நீங்களும் நிற்கிறீர்கள்.

பார்க்க வந்தவர் ஓர் இளம் அதிகாரி. இருபது கன்று காட்டினார். கட்டினேன். நோய் வந்த கன்று எது, ஏன் என்று கேட்டார். சொன்னேன். கத்தியை எதில் துடைப்பேன், மழை வந்தால் என்ன செய்வேன், புது ஆளுக்கு முதல் நாள் என்ன வேலை கொடுப்பேன் என்று கேட்டுக்கொண்டே போனார். கடைசியில் பேனாவை மூடிவிட்டு, என்னைச் சின்னம்மா முறை வைத்து, "மக்சிக், இந்தக் கடிதத்தில் ஏன் பொது வேலையாள் என்று இருக்கிறது?" என்றார். எழுதியவரைக் கேளுங்கள் என்றேன். கன்றுகளுக்கு எண் போட்டு வைத்துவிட்டு ஐந்து வாரம் கழித்து வந்து அவரே பிரித்துப் பார்த்தார். பத்தொன்பது பச்சை. அந்த ஒன்று எப்படிப் போனது என்று இன்னமும் யோசிக்கிறேன்.

சான்றிதழ் வந்துவிட்டது. காக் அதைப் பிரேம் போட்டுப் பந்தல் தூணில் மாட்டினார். மாதச் சம்பளம் வருகிறது. மழைக்காசை இன்னும் நிறுத்தவில்லை. என் கீழே ஆறு பேர் வேலை செய்கிறார்கள். போன மாதம் ஒருத்தி கல்யாணமாகி ஜொகூருக்குப் போனாள். அவளுக்குக் கடிதம் நான் எழுதினேன். அவள் செய்த ஒவ்வொரு வேலையையும் எழுதினேன். உரக்கலவை, கண் தேர்வு, பதிவேடு. எழுதி முடிக்க முக்கால் மணி நேரம் ஆனது. காகிதம் ஒன்றுதான் செலவு.

அதை அச்சடித்துக் கையெழுத்துப் போட்டபோதுதான் எனக்கு மறுபடியும் கோபம் வந்தது. முக்கால் மணி நேரம். ஒன்பது பேருக்கும் சேர்த்து ஒரு நாள் வேலை உங்களுக்கு.

ரொட்டி போடுகிறவளும் இப்போது சான்றிதழுக்கு எழுதிப் போடுகிறாள். காக்கின் ஆர்டர் பெரிதாகிறது, கண் ஒட்ட ஆள் வேண்டும். மற்றவர்களையும் ஒவ்வொருவராகத் தேடிக்கொண்டிருக்கிறோம். ஒருத்தி ஷாப்பிங் மாலில் தரை துடைக்கிறாள். ஒருத்தி கண்ணாடி போட்டுக்கொண்டு, இன்னும் முடியும் என்கிறாள். அவர்களுக்கு நாங்களே ஒருவருக்கொருவர் எழுதிக் கொடுத்துக்கொள்வோம். உங்கள் பேனா தேவையில்லை.

உங்கள் பதில் தேவை. அடுத்த மாதம் கோயில் ஆண்டுப் பொதுக்கூட்டம். செயலாளர் அறிக்கையை நீங்கள்தான் வாசிப்பீர்கள். நாங்கள் வருகிறோம், முன் வரிசையில் உட்காருவோம். என்னைத் தாவுகிறவள் என்று சொன்ன அதே மைக்கில், அதே கூட்டத்துக்கு முன்னால் சொல்லுங்கள். ஏழு வருடம் எங்கள் கண்களை ஒன்றொன்றாக எண்ணிப் புத்தகத்தில் எழுதிவிட்டு, கடிதத்தில் மட்டும் ஏன் பொது வேலையாள் என்று அடித்தீர்கள்?